கேளுங்கள், சொல்கிறோம்: நாலு பேருக்கும் பொதுவாக ஒரு ஸ்விட்ச்

கேள்வி: ஐயா, மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், குலசேகரம் பக்கம் ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கிற நாலு பேர் நாங்கள். தொழிலில் போட்டிதான். என் லைனில் இருக்கும் அக்கா, அடுத்த தெருவில் வேறு ஆள் லைனில் இருக்கும் தங்கச்சியை வீடியோ காலில் கூப்பிட்டால்கூட டேட்டா சென்னை வரை போய்த்தான் திரும்புகிறது. அதனால் பொதுவாக ஒரு ஸ்விட்ச் (எல்லார் ஃபைபரையும் ஓரிடத்தில் சேர்க்கும் கருவி) வைத்து நாலு பேரும் அதில் இணைந்துகொள்ளலாம் என்று பேசுகிறோம். எங்களில் பெரியவர், "என் ஆபீசில வைங்க, செலவெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். சம்மதிக்கலாமா?
- வாசகர், தக்கலை

பதில்: சம்மதிக்காதீர்கள். அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் லைன் விழுந்தால் உள்ளே போய்ப் பார்க்க உங்கள் போட்டியாளரிடம் சாவி கேட்டு நிற்க வேண்டும், நாளைக்கு அவர் தொழிலை வேறு யாருக்காவது விற்றுவிட்டால் வாங்கியவருடைய ஆபீசில் உங்கள் ஃபைபர் இருக்கும். நாலு பேரில் யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பாருங்கள். இப்படிப் பல நெட்வொர்க்குகள் ஓரிடத்தில் சேர்ந்து நேரடியாக டேட்டா மாற்றிக்கொள்ளும் இடத்துக்கு இணைய மாற்றகம் என்று பெயர், வியன்னாவில் இருப்பதை 1996 முதல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, ஒரு ரேக் வைக்க இடம் கேட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதா, ஃபைபர் இரண்டு பக்கமாக உள்ளே வருகிறதா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரமும் போஸ்டும் சாய்ந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செலவை அவர் ஒருவரே ஏற்பதும் வேண்டாம். போர்ட்டுக்கு (ஸ்விட்ச்சில் ஒருவர் கேபிள் செருகும் இடத்துக்கு) இவ்வளவு என்று மாதக் கட்டணம் வையுங்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு, ஐயாயிரம் வீடு வைத்திருப்பவருக்கும் ஐநூறு வீடு வைத்திருப்பவருக்கும் அதே ஒன்றுதான். ஜிபி கணக்குப் பார்த்து ஒருவருக்கொருவர் பணம் கொடுப்பதில் இறங்காதீர்கள். 2003-ல் உருவான நம் நாட்டு இணைய மாற்றகமான நிக்சியில் டேட்டாவைக் கேட்டு வாங்குகிறவர் கொடுக்கிறவருக்குப் பணம் தர வேண்டும் என்ற முறை இருந்தது, நாலு சின்ன ஆபரேட்டர்களுக்கு அந்தக் கணக்கு எழுதவே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

விதிகளை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு போர்ட்டில் ஒரே ஒரு ரவுட்டரின் மேக் அட்ரஸ்தான் (கருவியின் அடையாள எண்) தெரிய வேண்டும், லூப் வந்தால், அதாவது டேட்டா வெளியேறாமல் சுற்றிச் சுற்றி வந்தால், அந்த போர்ட் தானாக அணைய வேண்டும், சொல்லாமல் அடுத்தவர் மீது டிஃபால்ட் ரூட் போட்டு, அதாவது வெளியே போகும் டேட்டாவையெல்லாம் அவர் வழியாகத் திருப்பிவிட்டு, அவர் பேண்ட்வித்தில் சவாரி செய்யக் கூடாது. எல்லாருக்கும் பொதுவாக வழித் தகவலைப் பகிரும் ரூட் சர்வர் இப்போதைக்குத் தேவையில்லை, ஒவ்வொருவரும் மற்றவரோடு நேராக வழித் தகவல் பரிமாறிக்கொள்ள நாலு பேருக்கு மொத்தமே ஆறு பிஜிபி இணைப்புதான் (இருபது பேர் ஆனால் 190, அப்போது பார்த்துக்கொள்ளலாம்). ஐந்தாவதாக ஒருவர் வந்தால் அதே கட்டணத்தில் சேர்க்க வேண்டும், இதையும் எழுதுங்கள். இன்னொன்று, அந்தக் கூட்டத்தில் வாடிக்கையாளருக்கான மாத வாடகை பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசுவதைச் சட்டம் தடை செய்கிறது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் உங்களிடம் சொந்த ஏஎஸ் நம்பரும் (இணையத்தில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) ஐபி முகவரிகளும் இருக்கிறதா? பெரிய கம்பெனி ஒன்றின் பேண்ட்வித்தை அவர்கள் முகவரியிலேயே விற்கிறீர்கள் என்றால் ஸ்விட்ச் வாங்கியும் பிரயோஜனமில்லை, முதலில் இந்த எண்களை நம் நாட்டில் வழங்கும் ஐஆர்ஐஎன்என்-இல் விண்ணப்பியுங்கள். உங்கள் லைசென்ஸ் இதற்கு இடம் தருகிறதா என்று தொலைத்தொடர்புத் துறையிடம் எழுத்தில் கேட்டு வைப்பதும் நல்லது.

வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் சுமார் 700 கிலோமீட்டர், ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப ஏழெட்டு மில்லிசெகண்ட்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி யூடியூபும் அது மாதிரி வீடியோக்களும், அது உங்கள் நாலு பேருக்குள் ஓடும் டேட்டா இல்லை. அப்புறம் எதற்கு இது என்றால், சென்னை லைன் அறுந்த அன்றைக்கும் ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட சர்வர்களுக்கு வழி இருக்கும். வீடியோ கம்பெனிகளிடம் கேஷ் சர்வர் (அடிக்கடி பார்க்கும் வீடியோக்களின் நகலை ஊரிலேயே வைத்துக் கொடுக்கும் கணினி) கேட்கும்போது குறைந்தபட்சம் இவ்வளவு டேட்டா ஓட வேண்டும் என்பார்கள், தனித்தனியாக நீங்கள் அந்த அளவைத் தொட முடியாது, நாலு பேர் கணக்கையும் சேர்த்து வைத்தால் பேசவாவது முடியும். எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது இந்தக் கேஷ்தான். அதனால் ஒரு வாரம் உங்கள் டேட்டா எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று அளந்துவிட்டு அந்தத் தாளோடு கூட்டத்துக்குப் போங்கள்.

கேள்வி: இப்படிப் பொதுவாக நடத்தும்போது ஒருவர் கட்டணம் கட்டவில்லை என்றால் அவர் போர்ட்டை அணைக்கலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: அணைக்கலாம், ஆனால் எத்தனை நாள் நோட்டீஸ் என்று விதியில் எழுதியிருக்க வேண்டும், அணைப்பது போட்டியாளரின் ஆளாக இருக்கக் கூடாது. மாற்றகத்தின் கட்டணப் பாக்கிக்கு மட்டும்தான் இது. போஸ்ட் வாடகையிலோ கேபிள் விற்றதிலோ ஒருவருக்கொருவர் பாக்கி இருந்தால் அதைத் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.