பிறர் எழுதிய கூறுகளைச் சேர்த்து மென்பொருளை விற்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றுக்காக, கூலி பெற்றுக்கொண்டு, மைக்ரோசாப்ட் அக்செஸ் என்ற தரவுத்தளச் செயலியில் எடைக்கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தரவுகள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ளன. அட்டவணை காட்டுவதற்கு விலைக்கு வாங்கிய, ஆக்டிவ்எக்ஸ் எனும் ஆயத்த நிரல் கூறு ஒன்றையும், ரசீதை பி.டி.எஃப். ஆக்குவதற்கு ஐடெக்ஸ்ட் நூலகத்தையும் சேர்த்திருக்கிறேன். இப்போது வேறு நிலையங்களும் கேட்கின்றன. அப்படியே விற்கலாமா? கணினிக்கொரு உரிமம் வாங்க வேண்டுமா?”

விற்கலாம், ஆனால் இப்போதுள்ள வடிவில் விற்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அக்செஸைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடிக்கையாளர் அக்செஸ் வாங்கத் தேவையில்லை. எழுதிய மென்பொருளை இயக்க மட்டும் உதவும் அக்செஸ் ரன்டைமை மைக்ரோசாப்ட் இலவசமாகத் தருகிறது, அது போதும். அவருடைய கணினியில் ஏற்கெனவே ஆபிஸ் இருந்தால் அது 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து, ரன்டைமையும் அதற்கு ஒத்ததாக நிறுவுங்கள்.

ஆக்டிவ்எக்ஸ் கூறுதான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. இத்தகைய கூறுக்குப் பணம் கட்டும்போது பொதுவாகக் கிடைப்பது, அதைக் கொண்டு மென்பொருள் எழுதும் அனுமதி. அதுவும் பெரும்பாலும் ஒரு நிரலாளருக்கு மட்டுமே. எழுதி முடித்த மென்பொருளோடு அக்கூறையும் பிறர் கையில் கொடுப்பதற்கான அனுமதி, ஒப்பந்தத்தில் மறுவிநியோகம் என்ற தனிப் பிரிவில் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர்களுக்கு இது எளிதில் விளங்கும்: குலை வாங்குவதற்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வைத்திருப்பவர், அதையே காட்டி ஆலை நடத்த முடியாது. சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணமின்றி எத்தனை கணினிக்கும் விநியோகிக்க விடுகின்றன. சில, கணினிக்கு ஒன்று என்று கணக்கிடுகின்றன. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த ஒப்பந்தம்தான் விடை. நீங்கள் வாங்கிய பதிப்போடு வந்த ஒப்பந்தத்தையே படியுங்கள். எந்தக் கோப்புகளைக் கொடுக்கலாம் என்ற பட்டியலும் அதில் இருக்கும். பட்டியலில் இல்லாத எதையும், குறிப்பாக மென்பொருள் எழுதும்போது மட்டும் தேவைப்படும் உரிமக் கோப்பையும் திறவெண்ணையும், வாடிக்கையாளர் கணினியில் வைக்காதீர்கள். நிரல் எழுத நண்பர் ஒருவர் உதவுகிறார் என்றால் அவருக்கும் தனி உரிமம் தேவைப்படலாம். கோப்பை நகலெடுத்து விண்டோஸில் பதிவுசெய்தவுடன் கூறு இயங்கிவிடுகிறதே என்பது அனுமதிக்குச் சான்றாகாது.

மைஎஸ்கியூஎல்லின் இலவசப் பதிப்பும் அதை அக்செஸோடு இணைக்கும் ஓ.டி.பி.சி. இணைப்பியும் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் வருகின்றன. ஜி.பி.எல். மென்பொருளைக் காசுக்கு விற்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தடை ஏதும் இல்லை. ஆனால் அதைப் பிறருக்கு விநியோகிக்கும்போது மூலநிரலையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற கடமை எழுகிறது. நீங்கள் அக்செஸில் எழுதிய பகுதிக்கும் அந்தக் கடமை நீளுமா என்பது வாதத்துக்குரிய விஷயம், சிறு தொழிலை அதன்மேல் கட்டுவது உசிதமல்ல. மைஎஸ்கியூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிளிடம் வணிக உரிமம் பெறலாம். என் கருத்தில், தரவுத்தளத்தையே மாற்றுவது மலிவான வழி. போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தின் உரிமம், பதிப்புரிமை அறிவிப்பை உடன் வைத்தால் போதும் என்கிறது. மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸும் இலவசமே. அதன் 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் என்ற வரம்பை ஓர் எடைமேடையின் கணக்கு எட்டுவது அரிது. போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தால் ஒன்றைச் சோதியுங்கள்: அக்செஸ் ‘ஆம்’ என்பதை -1 என்று எழுதும், ஓ.டி.பி.சி. அமைப்பில் அதற்குரிய தெரிவைச் சரியாக வைக்காவிட்டால் ஆம்-இல்லைப் புலங்கள் தகராறு செய்யும்.

ஐடெக்ஸ்ட்டை விட்டுவிடுங்கள். அதன் 5ஆம் பதிப்பு முதல் இலவச உரிமம் ஏ.ஜி.பி.எல்., ஜி.பி.எல்லைவிடக் கடுமையானது, வணிக உரிமத்துக்குத் தனிக் கட்டணம். அக்செஸ் 2010 முதல் அறிக்கையை நேரே பி.டி.எஃப். ஆகவே சேமிக்கிறது. ரசீதுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ரசீதில் தமிழ் அச்சாகிறது என்றால் எழுத்துருவையும் கவனியுங்கள். விண்டோஸோடு வரும் லதா போன்ற எழுத்துருக் கோப்புகளை உங்கள் நிறுவியில் சேர்த்துக் கொடுக்க அனுமதியில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் அதைச் சேர்க்கலாம், உரிம உரையும் உடன் இருக்கட்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் பணித்து எழுதச் செய்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பணித்தவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். கணினி நிரலும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. முதல் நிலையத்தார் கூலி கொடுத்து எழுதச் சொன்னார்கள் என்றால், பிறர் கூறுகளைப் பற்றிப் பேசுமுன், நிரலே உங்களுடையதுதானா என்ற கேள்வி எழுகிறது. விற்பனையைத் தொடங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு அவர்களிடம் எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: பதிப்புரிமை உங்களைச் சேரும் என்றும், அவர்கள் தம் நிலையத்தில் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றும், அவர்களுடைய விலைப்பட்டியலோ சிறுதோட்டக்காரர்களின் விவரமோ பிற நிலையங்களுக்குத் தரும் பிரதியில் இராது என்றும் அதில் இருக்கட்டும். அதன் பிறகு தரவு அட்டவணைகளை வெறுமையாக்கிப் புதிய பிரதியைத் தயாரிக்கலாம்.