அம்மாவுக்கு தைரொயிட் குளிசை தேவையா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 74. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கிறார். சில மாதங்களாகக் களைப்பு, மலச்சிக்கல், மறதி. இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். 6.2, ரி4 சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தான் எடுக்கும் தைரொக்சின் குளிசையில் கொஞ்சம் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

ரி.எஸ்.எச். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சுரப்பதன்று, மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி அதற்கு இடும் கட்டளை. வயல் வேலையை மேற்பார்க்கும் கமவிதானையின் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற அந்தக் குரல் பலருக்குச் சற்று உயரும். வயலில் வேலை நடக்கிறது என்பதற்குத் தைரொயிட் சுரக்கும் ஓமோனான ரி4 சாட்சி. 74 வயதில் 6.2 ஐ நான் நோய் என்று எழுதமாட்டேன். 2017 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், இதே நிலையிலிருந்த 65 வயதைக் கடந்த 737 பேரில் ஒரு பகுதியினருக்குத் தைரொக்சினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழிந்தும் களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அளவு மீறிய தைரொக்சினோ இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பையும் தேய்க்கும்.

அதற்காக ‘வயது போனால் அப்படித்தான்’ என்று விட்டுவிடவும் கூடாது. என் முதல் சந்தேகம் மெற்போமின் மீது. நெடுங்காலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம். களைப்பும் மறதியும் அதனாலும் வரும். ஆனாலும் மெற்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் காணப்படுவதால் கடைசியாகச் சொன்னதை நான் தவறவிடுவதில்லை.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர்க் குறைவும் காரணமாகலாம். முதுமையில் தாகம் மந்தமாகும். நீரைத் தக்கவைக்கும் ஓமோனுக்குச் சிறுநீரகமும் முன்போலக் கட்டுப்படாது. இதய, சிறுநீரக நோய் இல்லையென்றால், சோளகம் வீசும் மாதங்களில் அம்மா ‘தாகமில்லை’ என்றாலும் குடிக்கக் கொடுங்கள்.

பேச்சுக் குறைந்து ஒதுங்கியிருக்கிறாரா என்றும் கவனியுங்கள். இங்கே முதியவர்களின் துக்கம் பல தடவை ‘களைப்பு’ என்ற பெயரில்தான் கிளினிக்குக்கு வருகிறது.

மூன்று மாதத்தில் ரி.எஸ்.எச்., ரி4 இரண்டையும் மீண்டும் பாருங்கள். ரி.எஸ்.எச். 10 ஐத் தாண்டினாலோ, ரி4 குறைந்தாலோ சிகிச்சை பற்றிப் பேசலாம். அப்போதும் சிறிய அளவில்தான் தொடங்குவோம். போகும்போது நாட்டு மருந்து உட்பட அம்மா எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அக்காவின் குளிசையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அவருக்குத் தேவை.