லூ சுன்னை எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்?

சீனச் சிறுகதையாசிரியர் லூ சுன்னின் முக்கியமான படைப்புகள் எவை, எதை முதலில் வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சொல்வதைக் கேட்டு ‘ஆ க்யூவின் உண்மைக் கதை’யை எடுத்து, முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். நாயகனின் குடும்பப் பெயர் என்ன, இதை எந்த வகை வரலாறு என்று அழைப்பது என்ற ஆராய்ச்சியிலேயே அந்த அத்தியாயம் கழிவதால் பலரும் அங்கேதான் நிற்கிறார்கள். அக்கதையைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது வாசலாக அமையாது என்று மட்டுமே சொல்கிறேன்.

1919இல் வெளிவந்த ‘குங் யீஜி’யிலிருந்து தொடங்குங்கள். சில பக்கங்களே கொண்ட இக்கதையை எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை உரக்கப் படித்தேன். மதுக்கடையில் நீள அங்கி அணிந்தவர்கள் உள்ளே அமர்ந்து குடிப்பார்கள், கூலிக்காரர்கள் வெளியே நின்று குடிப்பார்கள். நீள அங்கியோடு நின்று குடிக்கும் ஒரே மனிதன், தேர்வில் தேறாத குங் யீஜி. புத்தகம் எடுப்பது திருட்டாகாது என்று அவன் வாதிடும்போதும், தட்டிலுள்ள அவரையைக் கையால் மூடிக்கொண்டு இனி அதிகமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லும்போதும் எங்கள் வட்டம் நன்றாகச் சிரித்தது. பிறகு, கால்கள் ஒடிக்கப்பட்டுக் கைகளால் தவழ்ந்து வந்தவன் மண் படிந்த உள்ளங்கையிலிருந்து நான்கு காசுகளை நீட்டுகிறான். கடைக்காரரோ பழைய பாக்கி பத்தொன்பது காசை நினைவுபடுத்துகிறார். வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், “குடிகாரன், திருடன், செத்தும் போகிறான், இதில் கதை எங்கே ஐயா?” என்று கேட்டார். கதையைச் சொல்பவன் கடையில் மதுவைச் சூடுபண்ணித் தரும் சிறுவன் என்பதையும், அவன் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறானே தவிர ஒரு இடத்திலும் இரங்குவதில்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்: லூ சுன் எழுதியது பாதிக்கப்பட்டவனைப் பற்றி மட்டுமன்று, அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றியும்தான்.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகத் திறக்கும். ஜப்பானின் செண்டாய் நகரில் மருத்துவம் படித்தபோது, சீனன் ஒருவன் தலை துண்டிக்கப்படவிருப்பதை மற்ற சீனர்கள் வேடிக்கை பார்க்கும் படத்தை வகுப்பறைத் திரையில் கண்டதும் மருத்துவத்தை விட்டதாக ‘போர்க்குரல்’ (1923) தொகுப்பின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். ‘மருந்து’ கதையில், கொல்லப்பட்ட புரட்சியாளனின் ரத்தத்தில் தோய்த்த ரொட்டியை, காசநோய் கண்ட மகனுக்கு மருந்தாக ஒரு தந்தை வாங்குகிறார். தேநீர்க் கடையில் அந்தப் புரட்சியாளனையே பைத்தியம் என்கிறார்கள். இரண்டாம் தொகுப்பான ‘அலைச்சல்’ (1926) நூலின் முதல் கதை ‘புத்தாண்டுப் படையல்’. ஓநாயிடம் மகனைப் பறிகொடுத்த கைம்பெண்ணின் கதையை முதலில் கண்ணீரோடு கேட்கும் ஊரார், அலுத்துப்போனதும் அவள் சொற்களை அவளுக்கே ஒப்பித்துக் காட்டுகிறார்கள். லூ சுன் எழுதியவற்றில் இதைவிடக் கொடுமையான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மாவோ புகழ்ந்தார் என்பதற்காகவே இவரைக் கட்சி எழுத்தாளர் என்று ஒதுக்குவோரை அடிக்கடி காண்கிறேன். இவருடைய ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ கதை வெளிவந்தது 1918இல். சீனப் பொதுவுடைமைக் கட்சி தோன்றியதே 1921இல். அவர் இறுதிவரை கட்சி உறுப்பினராகவில்லை. மக்கள் குடியரசு அமைவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், ஷாங்காயில் காலமானார். வாசிக்காமலே முத்திரை குத்துவது எந்த எழுத்தாளருக்கும் இழைக்கும் அநீதி.

இவற்றுக்குப் பிறகு ஆ க்யூவிடம் திரும்புங்கள். அவன் சுட்டுக் கொல்லப்பட்டதும், தலையை வெட்டுவதுபோல இது பார்க்க நன்றாக இல்லை என்றும், இவ்வளவு தெரு சுற்றியும் ஒரு வரிகூடப் பாடாமல் போனானே என்றும் ஊர் குறைபட்டுக்கொள்ளும் பகுதி அப்போது வேறு விதமாகப் படும். உரைநடைக் கவிதைகளான ‘காட்டுப் புல்’லைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கதைகளில் பழகாதவருக்கு அது பிடி கொடுக்காது.