சிக்னல் ஃபுல்லா இருக்கு, பேஜ் மட்டும் வரல!

போன இதழ்ல காலேஜ் வைஃபை பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், வந்து குவிஞ்சிருச்சு. பல கேள்வி ஒரே மாதிரி இருந்துச்சு, அதுல இருந்து எடுத்து பதில் சொல்றேன். நான் ஒரு காலேஜ்ல பல வருஷம் நெட்வொர்க் வேலை பாத்தவன்.

அண்ணா, எங்க ஹாஸ்டல்ல ராத்திரி 9 மணில இருந்து 11 வரைக்கும் சிக்னல் எல்லா கோடும் நிக்குது, ஆனா ஒரு பேஜ் கூட திறக்க மாட்டேங்குது. காலேஜ் வேணும்னே ஸ்பீட குறைக்குறாங்களா?
(இசிஇ மூணாம் வருஷம், மதுரை)

தம்பி, அந்த கோடு சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் விடற பெட்டி) பேசறது உன் ஃபோனுக்கு நல்லா கேக்குதுங்கறது. அங்க எத்தன பேரு வரிசைல நிக்குறாங்கன்னு அது சொல்லாது. வைஃபைல பொதுவா ஒரு சேனல்ல (அலை போற ஒரு பாதைல) ஒரு நேரத்துல ஒரு டிவைஸ் தான் பேச முடியும், மத்ததெல்லாம் அது முடிக்குற வரைக்கும் பொறுத்திருக்கணும், தெருக்குழாய்ல குடம் வச்சுட்டு நிக்குற மாதிரி தான். இதுல மூணு செவுரு தாண்டி கடைசி ரூம்ல இருக்குற ஃபோனுக்கு சிக்னல் வீக், அதனால அது மெதுவா தான் பேசும், அதே வீடியோவுக்கு பக்கத்துல இருக்குறவன விட ரொம்ப அதிக நேரம் குழாய புடிச்சுக்கும், அந்த நேரம் முழுக்க நீ காத்துட்டு இருப்ப.

வைஃபை ஓடுற அலைவரிசை முக்கியமா ரெண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் மூணே மூணு தான் தேறும், 1, 6, 11. ஒரு தடவை செமஸ்டர் பரீட்சை நேரத்துல ஒரு ஹாஸ்டல்ல நெட்டே வரலன்னு கம்ப்ளெயின்ட் வந்து மூணாவது மாடிக்கு போய் வைஃபை அனலைசர் ஆப்ப திறந்து பாத்தேன், காலேஜ் ஆக்சஸ் பாயின்ட் ரெண்டு தெரியுது, பசங்களோட ஃபோன் ஹாட்ஸ்பாட் பதினேழு தெரியுது. வைஃபை சரியில்லன்னு ஒருத்தன் ஹாட்ஸ்பாட் போட, அதுவும் இதே சேனல்ல ஏறி இன்னும் கொஞ்சம் நெரிசல் ஆக, அத பாத்து அடுத்த ரூம்காரனும் போட, இப்படியே போயிருக்கு. எல்லார் ரூமுக்கும் போய் ஒரு அரை மணி நேரம் அணைச்சு வைங்கப்பான்னு கேட்டோம், அணைச்சாங்க, அந்த அரை மணி நேரத்துல லெக்சர் வீடியோ நிக்காம ஓடுச்சு. இன்டர்நெட் லைன கூட்ட ஒரு பைசா செலவு பண்ணல.

அதனால மொதல்ல உங்க விங்ல எல்லாரும் பேசி ஹாட்ஸ்பாட்ட அணைங்க. ஃபோன்ல அந்த வைஃபை பேர தட்டிப் பாத்தா ஃப்ரீக்வென்சி காட்டும், 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கியான்னு பாரு (இது சிம் கார்டு 5ஜி இல்ல, ரெண்டும் வேற). 5ல சேனல் நெறைய, நெரிசல் கம்மி, ஆனா செவுரு தாண்டி அவ்வளவா போகாது, கதவ திறந்து வச்சாலோ வராண்டாவுக்கு வந்தாலோ நல்லா கெடைக்கும். பெரிய டவுன்லோட காலைல 5 மணிக்கு போடு. லேப்ல லேன் ஒயர் போர்ட் இருந்தா ப்ராஜெக்ட் ஃபைல அங்க இருந்தே ஏத்திடு. இதெல்லாம் பண்ணியும் அப்படியே இருந்தா நாள், நேரம், ரூம் நம்பர் மூணையும் எழுதி கம்ப்ளெயின்ட் குடு, "நெட் ஸ்லோ"ன்னு மட்டும் எழுதினா அத வச்சு யாராலயும் எதையும் தேட முடியாது. காலேஜ் வேகத்துக்கு லிமிட் வச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆனா பகல்ல நல்லா வந்து ராத்திரி மட்டும் இப்படின்னா நெரிசல தான் மொதல்ல சந்தேகப்படணும்.

வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா லாகின் பேஜ் வரவே மாட்டேங்குது. ஃபோன ரீசெட் பண்ணச் சொல்றாங்க, பண்ணலாமா?
(பி.காம் முதல் வருஷம், தஞ்சாவூர்)

ரீசெட் எல்லாம் வேணாம்மா, ஃபோட்டோ எல்லாம் போயிரும். லாகின் பேஜ் எப்படி வருதுன்னா, நீ ஏதோ ஒரு தளத்துக்கு போகும்போது நெட்வொர்க் நடுவுல மறிச்சு தன்னோட பேஜ காட்டுது. ஆனா இப்ப முக்கால்வாசி தளமும் பூட்டு போட்ட எச்டிடிபிஎஸ் (நடுவுல யாரும் படிக்க முடியாதபடி மறைச்சு அனுப்புற முறை), அத அப்படி மறிக்க முடியாது, அதனால தான் வெறும் எரர் வருது. பூட்டு இல்லாத ஒரு தளத்த திறக்கணும், அதுக்குன்னே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்னு ஒண்ணு இருக்கு, பிரவுசர்ல அத அடி, பேஜ் வந்து நிக்கும். அதுக்கும் வரலன்னா விபிஎன்ன (நெட்ட வேற சர்வர் வழியா சுத்தி அனுப்புற ஆப்) அணை, செட்டிங்ஸ்ல ப்ரைவேட் டிஎன்எஸ்ஸ (தளத்தோட பேர வச்சு எடத்த தேடுற செட்டிங்) ஆட்டோமேட்டிக்ல வை.

இன்னொண்ணு. சில காலேஜ்ல ஃபோனோட மேக் அட்ரஸ (ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள வைஃபை அடையாள நம்பர்) வாங்கி பதிவு பண்ணுவாங்க. ஆண்ட்ராய்டு 10, ஐஃபோன் ஐஓஎஸ் 14ல இருந்து ஃபோன் தன் சொந்த மேக் அட்ரஸ காட்டாம புதுசா ஒண்ண உருவாக்கி காட்டுது. நல்ல விஷயம் தான், ஆனா பதிவு பண்ண நம்பர் வேற, காட்டுற நம்பர் வேறயா போயிடுது. காலேஜ் வைஃபைக்கு மட்டும் ப்ரைவசில "டிவைஸ் மேக்"னு மாத்திக்க, ஐஃபோன்னா ப்ரைவேட் வைஃபை அட்ரஸ்ஸ அணை.

யூசர்நேம் பாஸ்வேர்டு போடற எடத்துல சிஏ சர்ட்டிஃபிகேட்னு கேக்குது. "டோன்ட் வேலிடேட்" குடு, உடனே கனெக்ட் ஆயிரும்னு சீனியர் சொல்றாங்க. என் புது ஃபோன்ல அந்த ஆப்ஷனே இல்ல.
(எம்சிஏ மாணவி, சேலம்)

இல்லாததே நல்லதும்மா. சிஏ சர்ட்டிஃபிகேட்ங்கறது, எதிர்ல இருக்குறது நெசமா நம்ம காலேஜ் சர்வர் தானான்னு ஃபோன் சரி பாக்க உதவுற அடையாள அட்டை மாதிரி, "டோன்ட் வேலிடேட்"னா சரி பாக்காதன்னு அர்த்தம். 2020 டிசம்பர்ல ஆண்ட்ராய்டு 11 அப்டேட்ல கூகுள் தன் பிக்சல் ஃபோன்ல அந்த ஆப்ஷன எடுத்தாங்க, அப்பறம் மத்த ஃபோன்லயும் போக ஆரம்பிச்சுது. ஏன்னா வைஃபை பேர யாரு வேணா வச்சுக்கலாம். காலேஜ் வாசல் பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் லேப்டாப்ல அதே பேர்ல ஒரு நெட்வொர்க் போட்டு உக்காந்தான்னா, சரி பாக்காத ஃபோன் நம்ம காலேஜ் தான்னு நம்பி உன் விவரத்த அவன்கிட்ட நீட்டிடும். நேரா பாஸ்வேர்டா போகலன்னாலும் பல காலேஜ்ல ஓடுற எம்எஸ்சாப் வி2ங்கற பாஸ்வேர்டு சரி பாக்குற முறைய உடைச்சு பாஸ்வேர்ட எடுக்க முடியும்னு 2012லயே டெஃப்கான்ங்கற ஹேக்கர் மாநாட்டுல செஞ்சு காட்டிட்டாங்க. யோசிச்சுப் பாரு, அந்த பாஸ்வேர்டு வைஃபைக்கு மட்டுமா? மெயிலுக்கும் அதே, பரீட்சை போர்ட்டலுக்கும் அதே.

சர்ட்டிஃபிகேட்ல "சிஸ்டம் சர்ட்டிஃபிகேட்" இல்லன்னா காலேஜ் குடுக்குற ஃபைல், டொமைன்ல காலேஜ் ஐடி டிபார்ட்மென்ட் சொல்ற பேரு, இது ரெண்டும் போட்டா போதும். அந்த பேரு என்னன்னு எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லி கேளுங்க, ஒருத்தர் கேட்டா நூறு பேருக்கு ஆகும்.

என் பையன் ஃபோன்ல பாக்குறதெல்லாம் காலேஜுக்கு தெரியும்ங்கறான். நெசமா சார்?
(ஒரு அம்மா, கரூர்)

பாதி நெசம்மா. எந்த தளத்துக்கு போனான், எத்தன மணிக்கு, எவ்வளவு டேட்டா, இது தெரியும். வாட்ஸப்ல என்ன எழுதினான், பேங்க் பாஸ்வேர்டு என்ன, இது தெரியாது. காலேஜ் தன்னோட ரூட் சர்ட்டிஃபிகேட்ட (காலேஜ் நடுவுல பூட்ட திறந்து பாத்தாலும் ஃபோன் நம்பற மாதிரி ஆக்குற ஃபைல்) ஃபோன்ல ஏத்தச் சொல்லி, அத ஏத்தியிருந்தா மட்டும் பல தளத்தோட உள்ளடக்கமும் தெரிய வாய்ப்பு இருக்கு.

ஆனா நீங்க கவலப்பட வேண்டியது வேற எடத்துல. தன் ஐடிய ஃப்ரெண்டுக்கு குடுக்காம இருக்கானான்னு கேளுங்க. அவன் ஐடில இன்னொருத்தன் தப்பு பண்ணா காலேஜ் நெட் பதிவுல வர்றது உங்க பையன் பேரு தான். அடுத்தவங்க பாஸ்வேர்ட மோசடியா உபயோகிச்சா ஐடி சட்டம் 66சி பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், அத போலீஸ் விசாரிக்கும்போது மொதல்ல கூப்பிடறது உங்க பையனையா தான் இருக்கும்.

வேற ஊர் இன்ஸ்டிட்யூட்டுக்கு இன்டர்ன்ஷிப் போறேன், எடுரோம் இருக்குன்னாங்க. அங்க போய் புதுசா ஐடி வாங்கணுமா?
(எம்.எஸ்சி இயற்பியல், கோயம்புத்தூர்)

வேணாம், எடுரோம்ங்கறது சொந்த காலேஜ் ஐடிய வச்சே வேற காலேஜ் வைஃபைலயும் சேர்ற ஏற்பாடு, உங்க காலேஜ் அதுல சேந்திருந்தா போதும். ஐரோப்பால 2003 வாக்குல ஆரம்பிச்சது, இப்ப நூறு நாட்டுக்கு மேல இருக்கு, இந்தியால எர்நெட்ங்கற கல்வி நெட்வொர்க் அமைப்பு நடத்துது. நீ போற எடத்துக்கு உன் பாஸ்வேர்டு தெரியாது, பூட்டுன பெட்டியா உங்க காலேஜ் சர்வருக்கே வந்து இங்க தான் சரி பாக்கும். யூசர்நேம் மட்டும் மெயில் ஐடி மாதிரி அட் போட்டு காலேஜ் டொமைனோட முழுசா அடிக்கணும், இங்க பாதி அடிச்சா கூட வேல செய்யலாம், அங்க செய்யாது. கெளம்புறதுக்கு முன்னாடியே இங்க கனெக்ட் பண்ணி பாத்துட்டு போ. அங்க போய் மாட்டிக்கிட்டா அவங்க ஐடி ஆளுங்களால உன் பாஸ்வேர்ட மாத்தித் தர முடியாது.

கேம்பஸ்ல திறக்குற ஜர்னல் பேப்பர் வீட்டுக்கு போனா காசு கேக்குது. லீவுல எப்படி படிக்கறது?
(ஆராய்ச்சி மாணவர், சென்னை)

ஜர்னல் கம்பெனி பாக்குறது உன்ன இல்ல, காலேஜோட ஐபி அட்ரஸ்ஸ (நெட்ல காலேஜோட முகவரி நம்பர்). 2025 ஜனவரி 1ல இருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல அரசு காலேஜ், பல்கலைக்கழகத்துக்கெல்லாம் நெறைய ஜர்னல் கெடைக்குது, உங்க காலேஜ் அதுல இருந்தா லைப்ரரியன்கிட்ட போய் இன்ஃபெட் லாகின் இருக்கான்னு கேளு, பல்கலைக்கழக லைப்ரரிகள இணைக்குற இன்ஃப்லிப்நெட் அமைப்பு நடத்துறது, வீட்டுல இருந்தே காலேஜ் ஐடில உள்ள போகலாம். லீவு விட்டப்பறம் கேக்காத, லைப்ரரில ஆள் இருக்க மாட்டாங்க. இந்த வாரமே கேளு.