நகர்த்திவிட்டுக் கேட்டால் டிரா கிடைக்காது

கேள்வி: செஸ் ரேட்டிங் போட்டி ஒன்றில் கறுப்புக் காய்களோடு ஆடினேன். என் நிலை மோசம். அதனால் எதிராளியின் ராணியை என் யானையால் ஏ, பி வரிசைகளில் மாறி மாறித் துரத்தினேன். மூன்றாம் தடவை யானையை ஏ8-ல் வைத்து, கடிகாரத்தை அழுத்திவிட்டு, “ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது” என்று நடுவரைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கவில்லை. எதிராளி ராணியை வேறு பக்கம் கொண்டுபோய் ஜெயித்துவிட்டார். நடுவர் செய்தது சரியா?

பதில்: சரிதான். டிரா தரும் அரைப் புள்ளி கைக்கு வந்து நழுவியது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எண்ணியதில் பிழையில்லை, கேட்ட நேரம்தான் பிழை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 9.2-ன்படி, ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம்; ஆனால் அப்போது ஆட வேண்டிய முறை யாருடையதோ அவர்தான் கோர முடியும். யானையை ஏ8-ல் வைத்துக் கையை எடுத்ததுமே முறை எதிராளிக்குப் போய்விட்டது.

அந்த நொடிக்குத் திரும்புவோம். ராணி ஏ3-ல், உங்கள் யானை பி8-ல். இப்போது கை யானைப் பக்கமே போகக் கூடாது. வேண்டுமென்றே தொட்டாலும் அந்த நகர்வில் கோரும் உரிமை போய்விடும். பேனாவை எடுத்து, ஆடப்போகும் நகர்வை ஸ்கோர் ஷீட்டில், அதாவது நகர்வுகளைக் குறிக்கும் தாளில், எழுதுங்கள். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம், “இதை ஆடினால் இதே நிலை மூன்றாம் முறை வரும், டிரா கோருகிறேன்” என்று சொல்லுங்கள். நகர்த்தும் முன்பே எழுதக் கூடாது என்பது பொது விதி. டிரா கோரும்போது அதற்கு விலக்கு உண்டு.

1971-ல் புவெனஸ் ஐரஸில், முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர் செய்தது இதைத்தான். பெட்ரோசியனுக்கே நிலை சாதகம். ஃபிஷர் தன் 34-வது நகர்வை, ராணி இ2-க்கு என்று, எழுதிவிட்டு டிரா கோரினார். 30, 32-வது நகர்வுகளிலும் அதே நிலை வந்திருந்தது. நடுவே காய்கள் வேறு வேறு கட்டங்களுக்குப் போய்த் திரும்பின. அதனால் பாதகமில்லை, ஏனென்றால் எண்ண வேண்டியது நகர்வுகளை அல்ல, நிலையை. நம் ஆட்டக்காரர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆட வேண்டியவர், காய்கள் நிற்கும் இடம், கோட்டை கட்டும் (காஸ்லிங்) உரிமை, போகிற போக்கில் சிப்பாயை வெட்டும் (ஆன் பஸான்) வாய்ப்பு எல்லாம் மூன்று முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையும் ஆடியே தீர வேண்டும். அதனால் ஷீட்டைப் பார்த்து ஒருமுறை எண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நடுவர் மறுத்த பிறகும் எதிராளி ராணியை மறுபடி பி3-க்கே நகர்த்தியிருந்தால், எதையும் எழுதாமலே நீங்கள் உடனே கோரியிருக்கலாம். அந்த நிலையும் அப்போது மூன்றாம் முறை வந்திருக்கும், முறையும் உங்களுடையது.