‘பிள்ளை’ எங்கே போனது?

கேள்வி: தேவசகாயம் பிள்ளை என்றுதான் எங்கள் பாட்டி காலத்திலிருந்து கும்பிட்டு வருகிறோம். 2012இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுத்தபோதுகூட ‘பிள்ளை’ இருந்தது. 2022இல் புனிதர் ஆக்கும்போது மட்டும் ஏன் வெட்டினார்கள்? புனிதர்களின் வாழ்விலிருந்து பாடம் கற்கச் சொல்லிக்கொண்டு, வரலாற்றையே திருத்தலாமா?
— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அன்று எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ‘பிள்ளை’ திருவிதாங்கூர் அரண்மனை கொடுத்த பட்டம், சாதிப் பெயரே இல்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அவரை எருமையின் முதுகில் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனதும் அதே அரண்மனையின் சேவகர்கள்தானே?

1712இல் நட்டாலத்தில் பிறந்தபோது அவர் நீலகண்ட பிள்ளை. குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாயின் பழக்கத்தால் மனம் மாறினார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி ‘தேவசகாயம்’ என்று வைத்தார்கள். நீலகண்ட பிள்ளை அந்தக் கோவில் வாசலோடு முடிந்துபோனார். அவர் விட்டுவிட்டுப் போன பெயரின் வாலை எடுத்துப் புதுப் பெயரோடு ஒட்டவைத்தது பிறகு வந்தவர்கள்.

அப்புறம் அவர் செய்ததுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்கிறது திருச்சபை மரபு. 1749இல் கைதானார். மூன்று ஆண்டு சித்திரவதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய பெயருக்கா சாதி வால் தேடுகிறீர்கள்?

வரலாற்றைத் திருத்தக் கூடாது என்கிறீர்கள். சரி, திருத்தாமலே சொல்கிறேன். அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோவில் கட்டி முடித்தோம். பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரியும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். பூசை வைக்கும் சாமியாரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. என்ன கெட்டிக்காரத்தனம்! 1910இல் ஒரு பாதிரியார் தடுப்பை அகற்றியதும் வெள்ளாளர்கள் சும்மா இருந்தார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள்.

ரோமில் ஒரு சொல்லை எடுத்ததற்கு இத்தனை வருத்தப்படுகிறீர்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் ஏதும் இருக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசலாம்.