செயற்கைக்கோள் இணையத்தில் 12 லட்சம் ரூபாயைப் போடலாமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் கேபிள் டிவி, ஃபைபர் இணைய இணைப்புகள் கொடுத்து வருகிறேன். வயது 46. வங்கியில் 12 லட்சம் ரூபாய் எஃப்டியாக இருக்கிறது. ஓஎல்டி (ஃபைபர் வழியே வீடுகளுக்கு இணையத்தை அனுப்பும் பெட்டி), கேபிள் வாங்கியதற்கான கடனில் மூன்றரை லட்சம் பாக்கி. வட்டி 14 சதவீதம். மகள் இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள். செயற்கைக்கோள் இணையம் வந்தால் என் தொழில் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தத் துறையிலேயே பணத்தைப் போட்டு வைத்தால், தொழிலில் வரும் நஷ்டம் முதலீட்டில் ஈடாகிவிடாதா? டெலிகிராம் குழு ஒன்றில், ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்தை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே அதன் பங்குகளைக் குறைந்தது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டெலிகிராம் குழுவுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 2025 முடியும் வரை ஸ்பேஸ்எக்ஸ் எந்தப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனமாகவே இருந்தது. அதன் பங்குகள் ஊழியர்களுக்கும் பெரிய முதலீட்டாளர்களுக்கும் இடையே, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே கைமாறின. அத்தகைய பங்கை 2 லட்சம் ரூபாய்த் துண்டுகளாக்கி, யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் உரிமை எந்த இந்திய இடைத்தரகருக்கும் கிடையாது. பங்கு என்றைக்காவது சந்தைக்கு வந்தாலும், அதை வாங்கும் வழி பதிவு பெற்ற தரகர்தானே தவிர டெலிகிராம் குழு அல்ல. அந்தக் குழுவை நடத்துபவர் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்பதை செபியின் இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது அனுப்பியிருந்தால், இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். தொழிலுக்கு வரும் ஆபத்தை, அந்த ஆபத்தை உண்டாக்கும் துறையின் பங்கைக் கொண்டே ஈடு செய்யலாம் என்ற யோசனை கேட்கப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பலிக்க வேண்டுமானால் இரண்டும் நடக்க வேண்டும்: செயற்கைக்கோள் உங்கள் சந்தாதாரர்களைப் பறிக்க வேண்டும், அப்படிப் பறிப்பதன் லாபம் நீங்கள் வாங்கும் பங்கின் உரிமையாளருக்கு வந்து சேர வேண்டும். இரண்டுமே ஐயத்துக்குரியவை என்பது என் கருத்து.

முதலாவதை உங்கள் கன்ட்ரோல் ரூமில் இருந்தே பார்க்கலாம். ஓஎல்டியில் ஃபைபர் கிளம்பும் ஒரு ஜிபான் போர்ட்டின் இறங்குவேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) என்பது உங்களுக்கே தெரியும். 16 போர்ட் கொண்ட ஓஎல்டி ஒன்று இருந்தால், மேலிருந்து வாங்கும் பேண்ட்வித் எவ்வளவாக இருந்தாலும், வீடுகளை நோக்கி அந்தப் பெட்டி அனுப்பக்கூடியது 40 ஜிபிபிஎஸ். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 செயற்கைக்கோளின் எடை 4,700 கிலோ. 32 கற்றைகள் வழியாக இந்தியா முழுவதற்கும் சேர்த்து அது தரும் மொத்தத் திறன் 48 ஜிபிபிஎஸ். அதாவது, ஒரே நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 10 எம்பிபிஎஸ் கொடுத்தால் நாடு முழுக்க 4,800 பேருக்குத்தான் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் பயன்படுத்துவதில்லை என்பதால் சந்தாதாரர் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு, ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் உங்கள் ஸ்ப்ளிட்டருக்கும் பொருந்தும்தானே.

சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற தாழ்சுற்றுப்பாதைத் தொகுப்புகளின் மொத்தத் திறன் இதைவிட மிக அதிகம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களில் ஏற்படும் தாமதமும் அவற்றில் இல்லை. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்கு ஒரு நேரத்தில் கிடைக்கும் அலைக்கற்றை வரம்புக்குட்பட்டது. அதனால்தான் வீடுகள் நெருங்கிய இடத்தில் இந்தத் தொழில்நுட்பம் திணறுகிறது, வீடுகள் சிதறிய இடத்தில் சிறக்கிறது. இந்தியாவில் ஸ்டார்லிங்க் 20 லட்சம் வாடிக்கையாளர்களை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்று தகவல் தொடர்புத் துறை இணையமைச்சர் 2025 ஜூலையில் கூறியதும் இதே பின்னணியில்தான். விலையையும் பாருங்கள். வங்கதேசத்தில் 2025 மே மாதம் ஸ்டார்லிங்க் தொடங்கியபோது கருவிக்கு 47,000 டாக்கா, மாதக் கட்டணம் திட்டத்தைப் பொறுத்து 4,200 அல்லது 6,000 டாக்கா. இந்தியாவில் அதற்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தும், அந்த ஆண்டு முடிவதற்குள் வணிகச் சேவை தொடங்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்த அலைக்கற்றைக் கட்டணம், நிறுவனத்தின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 4 சதவீதம்; நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல். போடி பஜாரில் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு வரம்பில்லாத ஃபைபர் வைத்திருப்பவர் இதற்கு மாறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குப் போட்டி என்றால் அது பெரிய நிறுவனங்களின் ஃபைபரும் 5ஜி வீட்டு இணைப்பும்தான்; அதை நீங்கள் ஏற்கெனவே உணர்ந்திருப்பீர்கள்.

இரண்டாவது கேள்வி, முதலீட்டாளராக நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது. ஒரு தொழில்நுட்பம் வெல்வதும் அதில் பணம் போட்டவர் வெல்வதும் வேறு வேறு என்பதற்கு இந்தத் துறையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1998 நவம்பரில் 66 செயற்கைக்கோள்களுடன் சேவை தொடங்கிய இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனத்துக்கு ஆன செலவு சுமார் 5 பில்லியன் டாலர். 1999 ஆகஸ்டில், அதாவது ஓர் ஆண்டுகூட நிறையாத நிலையில், அது திவால் மனு கொடுத்தது. மறு ஆண்டு புதிய உரிமையாளர்கள் அதை ஏறத்தாழ 25 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். கடன் சுமை இல்லாமல் கைக்கு வந்த அந்தச் செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு மீண்ட நிறுவனம், 2017-க்கும் 2019-க்கும் இடையே அவற்றுக்குப் பதில் புதியவற்றை ஏவி, இன்றும் நடக்கிறது. முதலில் பணம் போட்டவர்களுக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அது குரலுக்கான தொகுப்பு, இணையத்துக்கானதல்ல என்று நீங்கள் சொல்லலாம். அதே பத்தாண்டில் அகன்ற அலைவரிசைப் பல்லூடகச் சேவை என்ற பெயரில் வரிசையாகத் திட்டங்கள் வந்தன. அமெரிக்கச் செல்பேசித் தொழிலதிபர் கிரெய்க் மெக்காவும் பில் கேட்ஸும் ஆதரித்த டெலிடெசிக் முதலில் 840 செயற்கைக்கோள்கள் என்று திட்டமிட்டு, பிறகு 288 என்று குறைத்து, 2002-இல் வேலையையே நிறுத்திவிட்டது. ஹியூஸ் நிறுவனத்தின் ஸ்பேஸ்வே திட்டத்துக்காகக் கட்டப்பட்ட முதல் இரண்டு செயற்கைக்கோள்களும் 2005-இல் ஏவப்பட்டபோது, இணையத்துக்குப் பதிலாக உயர்தெளிவுத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்குத் திருப்பப்பட்டன. இத்தனைக்கும் அந்த நாட்களின் கணிப்பில் பெரிய பிழை இல்லை. தொலைதூர மக்களுக்கு வானிலிருந்து வேகமான இணையம் வேண்டியிருக்கும் என்றார்கள், வேண்டியிருந்தது. ஆனால் ஏவும் செலவு இறங்கவும் பயனாளரின் டிஷ் மலிவாகவும் இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 2021-இல்கூட, தொடக்கத்தில் ஒரு டிஷ் தயாரிக்க 3,000 டாலர் ஆனதாக ஸ்பேஸ்எக்ஸே சொல்லிற்று. வாடிக்கையாளருக்கு விற்றது 499 டாலருக்கு.

நமக்கு நெருக்கமான கதை, தாழ்சுற்றுப்பாதையிலிருந்து இணையம் தரும் ஒன்வெப். 3 பில்லியன் டாலருக்கு மேல் திரட்டிய அந்த நிறுவனம் 2020 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் உள்ளிட்ட முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள். பாரதி குழுமமும் பிரிட்டிஷ் அரசும் ஆளுக்கு 500 மில்லியன் டாலர் போட்டு அதை எடுத்துக்கொண்டன. அதன் 72 செயற்கைக்கோள்கள் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ராக்கெட்டில் சென்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். பிறகு அது பிரான்ஸின் செயற்கைக்கோள் நிறுவனமான யூடெல்சாட்டுடன் இணைந்தது. 2025 மார்ச்சில், உக்ரைனில் ஸ்டார்லிங்குக்கு மாற்று எது என்ற பேச்சு எழுந்ததும் யூடெல்சாட் பங்கு சில நாட்களில் மும்மடங்குக்கு மேல் ஏறியது. அடுத்த வாரங்களிலேயே அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்தது. அந்தச் சில நாட்களில் அதன் செயற்கைக்கோள்களோ சந்தாதாரர்களோ மும்மடங்காகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு செலவும் இந்தத் துறையோடு ஒட்டிப் பிறந்தது. நீங்கள் இழுத்த ஃபைபர், லாரி அறுக்காமல் இருந்தால் இருபது ஆண்டு உழைக்கும். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோளின் ஆயுளோ சுமார் ஐந்து ஆண்டுதான். தொகுப்பைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உயரே நிற்கும் பெரிய செயற்கைக்கோள்கள் பதினைந்து ஆண்டு தாங்கும் என்றாலும், ஆபத்து முழுவதும் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது: 2023-இல் ஏவப்பட்ட வயாசாட்-3 வரிசையின் முதல் செயற்கைக்கோளில் ஆன்டெனா சரியாக விரியாததால், திட்டமிட்ட திறனில் பத்து சதவீதத்துக்கும் குறைவே மிஞ்சியது.

இந்தியச் சந்தையில் என்ன வாங்கலாம் என்றால், செயற்கைக்கோள் இணையத்தை மட்டுமே செய்யும் பெரிய பட்டியலிட்ட நிறுவனம் இங்கே இல்லை. டாடா குழுமத்தின் நெல்கோ, சிறிய டிஷ் வழியாகச் செயற்கைக்கோள் இணைப்பு தரும் விசாட் சேவையில் நெடுநாள் அனுபவமுள்ள சிறிய நிறுவனம். ஆனால் உரிமம் பற்றிய செய்தி ஒவ்வொன்றுக்கும் அதன் பங்கு துள்ளி விழுவதைப் பார்த்தபின், கல்லூரிக் கட்டணத்துக்கான பணத்தை அதில் வைக்க நான் சொல்ல மாட்டேன். யூடெல்சாட் பங்குகள் பாரதி குழுமத்தின் தனி நிறுவனத்திடம் இருப்பதால், பாரதி ஏர்டெல் பங்கை வாங்கினால் ஒன்வெப்பை வாங்கியதாக ஆகாது. ஜியோவும் லக்சம்பர்க்கின் செயற்கைக்கோள் நிறுவனமான எஸ்இஎஸ்ஸும் 51:49 விகிதத்தில் தொடங்கிய கூட்டு நிறுவனம், ரிலையன்ஸ் என்ற கடலில் ஒரு துளி. ஐம்பது பெரிய இந்திய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றை வாங்கினால் ரிலையன்ஸும் ஏர்டெலும் கணிசமான எடையில் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. வானத்திலிருந்து வந்தாலும் தரைவழியாக வந்தாலும், இணையச் சந்தையின் லாபத்தில் உங்களுக்கு ஒரு பங்கு அப்படியே கிடைக்கும்.

அமெரிக்கப் பங்குகளைச் செயலி வழியாக வாங்கும் எண்ணம் இருந்தால், பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற சிறு வணிகர்கள் பெரும்பாலும், விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் கொள்ளும் அனுமான வருமான முறையில், ஐடிஆர்-4 என்ற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்கிறார்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் அந்தப் படிவம் உங்களுக்குப் பொருந்தாது; ஐடிஆர்-3 தாக்கல் செய்து, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்ப வேண்டும். இருபதாயிரம் ரூபாய் பங்குக்காக ஆடிட்டர் கட்டணம் சில ஆயிரம் கூடுவது நியாயமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் 12 லட்சத்தில் நான் முதலில் கை வைப்பது கடனில். எஃப்டியில் ஏழு சதவீதத்துக்கு அருகில் வாங்கி அதற்கும் வரி கட்டிக்கொண்டு, மறுபுறம் 14 சதவீதம் வட்டி கட்டுவதில் பொருளில்லை. மூன்றரை லட்சத்துக்கு ஆண்டு வட்டியே சுமார் 49,000 ரூபாய். அனுமான முறையில் வரி கட்டினால் அந்த வட்டியைச் செலவாகத் தனியே கழிக்கவும் முடியாது. முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, எஃப்டியில் ஒரு பகுதியை உடைத்துக் கடனை முடியுங்கள். மீதி எட்டரை லட்சத்தில், மகளின் முதல் இரண்டாண்டுச் செலவுக்கான 4 லட்சம், கல்லூரி சேரும் மாதத்துக்குச் சற்று முன் முதிரும்படி எஃப்டியிலேயே இருக்கட்டும். 3 லட்சம் அவசரக் கையிருப்பு: குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஐப்பசி இடியில் ஓஎல்டி கார்டு ஒன்று போனால் மறுநாளே மாற்றுவதற்கும் சேர்த்துத்தான். எஞ்சும் ஒன்றரை லட்சத்தோடு, கடன் தவணை நின்றதால் மிச்சமாகும் மாதத் தொகையையும் சேர்த்து, இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபியாகப் போட்டு வாருங்கள். ஏழாண்டுக்குள் அதைத் தொடும் தேவை வராது என்றால் மட்டும். விண்வெளித் துறையில் ஆசை அடங்கவே இல்லை என்றால், அந்த ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000 ரூபாயை மீறாதீர்கள்.

ஒரு சொல் உங்கள் தொழிலைப் பற்றியும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஃபைபர் இழுத்தால் கட்டுபடியாகாத இடங்கள் உங்களுக்கு அத்துப்படி. அங்கே செயற்கைக்கோள் டிஷ் விற்பனைக்கு வரும்போது, அதைக் கூரையில் மரக்கிளை மறைக்காத இடம் பார்த்துப் பொருத்தி, எர்த்திங் கொடுத்து, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் சேர்த்து, எஸ்டேட் பங்களாவிலிருந்து குடியிருப்பு வரை வைஃபை கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கூலி வாங்கலாம், முதலீடு தேவையில்லை. ஆனால் வாங்கிய இணைப்பை மற்றவர்களுக்குப் பிரித்து விற்பது உரிம விதிகளுக்கு உட்பட்டது; அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மாவட்ட டீலர்ஷிப் தருகிறேன், முன்வைப்புத் தொகை கட்டுங்கள் என்று யாராவது வந்தால், நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் விநியோகஸ்தர் பட்டியல் வெளியாகி, அதில் அவர் பெயர் இருப்பதைப் பார்க்கும் வரை கையெழுத்துப் போட வேண்டாம். அப்போதும், கெட்டுப்போன டிஷ்ஷை மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது, விற்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்ற இரண்டு விஷயங்களும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.